ரிப்-ஐ, மீடியம் ரேர், சாஸ் வேண்டாம்

பெருநகரத்தில் நல்ல ஸ்டேக்ஹவுஸை, அதாவது தடித்த மாட்டிறைச்சித் துண்டை வாட்டித் தரும் உணவகத்தை, எப்படிக் கண்டுபிடிப்பது என்று மாதத்துக்கு ஒருவராவது இன்பாக்ஸில் கேட்டுவிடுகிறீர்கள். இத்தனைக்கும் நான் சமையல்காரன் இல்லை. ஸ்டேக் தின்பதற்குக் கொஞ்சம் அதிகமாகவே செலவழித்தவன், அவ்வளவுதான். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் இந்தப் பதிவு. கடைப் பெயர் எதையும் இதில் தேடாதீர்கள், இருக்காது.

முதலில் அந்த ‘டாப் 10’ பட்டியல்களை மூடி வையுங்கள். நானும் ஒரு காலத்தில் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றாம் எண்ணிலிருந்து கிளம்பினேன். நான்காவது கடையோடு நிறுத்திவிட்டேன். மங்கல் வெளிச்சம், தோல் சோபா, கனமான கத்தி எல்லாம் நான்கிலும் இருந்தன. இறைச்சிதான் கடைக்குக் கடை ஏதேதோ. பட்டியல் போட்டவர் ஒரு கடையில் ரிப்-ஐ என்ற துண்டைத் தின்றிருப்பார், அடுத்ததில் ஃபிலே என்ற வேறு துண்டை, மூன்றாவதில் காக்டெயிலோடு எழுந்து வந்திருப்பார். இதை வைத்து எதை எதோடு ஒப்பிடுவது?

அதனால் எந்தக் கடைக்குப் போனாலும் முதல் தடவை எனக்கு ஒரே ஆர்டர்தான். ரிப்-ஐ, மீடியம் ரேர், சாஸ் வேண்டாம். கூட வருபவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஏன் ரிப்-ஐ? ஃபிலே என்பது மாட்டின் உடம்பில் அதிகம் உழைக்காத தசை. யார் சமைத்தாலும் ஓரளவு மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் கொழுப்பு குறைவு, ருசியும் அடக்கம். அதை வைத்துச் சமையலறையை எடைபோட முடியாது. ரிப்-ஐ விலா எலும்பை ஒட்டிய பகுதி. தசைக்குள்ளேயே வெள்ளை நூல் இழை மாதிரி கொழுப்பு ஓடும். வெளி ஓரத்தில் தொப்பி போட்டது மாதிரி இன்னொரு தசை இருக்கும். மாட்டிலேயே ருசியான இடம் அந்தத் தொப்பிதான் என்பது என் கட்சி. தீ போதாவிட்டால் இந்தக் கொழுப்பு உருகாமல் மெழுகு மாதிரி பல்லில் ஒட்டும். உருகிச் சொட்டும் கொழுப்பு பற்றிக்கொண்டால் மேல்புறம் கருகிக் கசக்கும். இறைச்சியைக் கடைக்கு வாங்கியவரின் கண், சமைத்தவரின் கை இரண்டுமே ஒரே தட்டில் மாட்டிக்கொள்ளும்.

மீடியம் ரேர் கேட்பதும் அதற்காகத்தான். மேலே வறுபட்டு உள்ளே இளஞ்சிவப்பாக நிற்கும் பதம் அது, உள்சூடு சுமார் 54 முதல் 57 டிகிரி செல்சியஸ். மூன்று டிகிரி இடைவெளிதான். தீயிலிருந்து எடுத்த பிறகும் உள்ளே சூடு சில டிகிரி ஏறும் என்பதால் முன்கூட்டியே எடுக்கத் தெரிய வேண்டும். உள்ளே சிவப்பே இல்லாமல் முழுக்க வெந்த வெல்டன் கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கடையைச் சோதிக்க அது உதவாது.

தட்டு வந்ததும் ஓரத்தில் கத்தி வைக்காதீர்கள். நடுவில் ஒரே வெட்டு, பிறகு குறுக்குவெட்டைப் பாருங்கள். மேலே அடர்ந்த பழுப்பில் மொறுமொறுப்பான தோல், அதன் கீழே நகக்கீற்று அளவுக்குச் சாம்பல் நிறம், அதற்கப்புறம் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே இளஞ்சிவப்பு. நல்ல ஸ்டேக் இப்படித்தான் இருக்கும். பாதித் தடிமனுக்குச் சாம்பலும் நடுவில் மட்டும் ஒரு சிவப்புக் கோடும் தெரிந்தால், கல் சரியாகக் காயவில்லை, அந்தக் குறையை நேரத்தை நீட்டி ஈடுகட்டியிருக்கிறார்கள். வெட்டியதும் தட்டில் குளம் கட்டினால் பொறுமையில்லாமல் உடனே அனுப்பிவிட்டார்கள் என்று சந்தேகப்படலாம். அந்தச் சிவப்பு நீர் ரத்தம் இல்லை. தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம்தான் அந்த நிறத்தைத் தருகிறது.

அந்தப் பழுப்புத் தோலைப் பற்றி இன்னும் கொஞ்சம். 1912இல் லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்த வினை அது. சூட்டில் புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சேர்ந்து நிறமும் மணமும் உண்டாகின்றன. சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் அது வேகம் பிடிக்கும். மேற்பரப்பில் ஈரம் இருந்தால் அது ஆவியாகும்வரை சூடு 100ஐத் தாண்டாது. ஈரத்தை ஒற்றி எடுக்காமல் கல்லில் போட்ட இறைச்சி அவித்தது மாதிரி வெளிறி வருவது இதனால்தான். ‘சாற்றை உள்ளே பூட்டுவதற்காகத்தான் மேலே வறுக்கிறோம்’ என்று பரிமாறுபவர் விளக்கினால் தலையாட்டிவிட்டு விடுங்கள். அது எதையும் பூட்டுவதில்லை, ருசிக்குத்தான்.

போவதற்கு முன்னால் கூட்டம் இல்லாத பிற்பகல் நேரத்தில் கடைக்குப் போன் செய்யுங்கள். இறைச்சி என்ன தரம், டிரை ஏஜிங் என்றால் எத்தனை நாள், கத்திமுனையால் குத்தி மென்மையாக்கிய இறைச்சியா? மூன்றாவது கேள்வி ருசிக்காக மட்டும் இல்லை. முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடும். குத்தியதில் அது உள்ளே போய்விடலாம் என்பதால் மீடியம் ரேர் சாப்பிடுவது ஆபத்து.

டிரை ஏஜிங் என்றால் இறைச்சியை மூடாமல், உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில், காற்றோட்டத்தில் வாரக்கணக்கில் வைப்பது. 28 நாள் என்பது பல இடங்களில் பார்க்கும் எண். நீர் வற்றி எடை குறையும், காய்ந்த மேல்தோலையும் சீவி எறிய வேண்டும், விலை ஏறுவது அதனால்தான். ஒரு கடையில் மெனு முழுக்க அந்தச் சொல்தான். எத்தனை நாள் என்று கேட்டேன். பரிமாறியவர் உள்ளே போய்விட்டு வந்து, “நிறைய நாள் சார்” என்றார். முதிர்ந்த சீஸும் வறுத்த கொட்டையும் கலந்த அந்த வாசனை தட்டில் துளியும் இல்லை. பில்லில் மட்டும் நிறைய நாள் இருந்தது.

மெனுவில் வரும் பெயர்களுக்கும் மயங்காதீர்கள். ஆங்கஸ் என்பது மாட்டினம், தரம் இல்லை. அமெரிக்கத் தரவரிசையில் பிரைம், அதற்குக் கீழே சாய்ஸ், அப்புறம் செலக்ட். வாக்யு என்பது ஜப்பானிய மாட்டினங்களின் பொதுப் பெயர், அதை மட்டும் போட்டிருந்தால் அதுவும் பெரிதாக எதையும் சொல்லாது. கோபே என்றால் ஜப்பானின் ஹியோகோ மாகாணத்துத் தஜிமா வம்ச மாடு, சான்றிதழோடு வரும். பர்கரில் கோபே என்று போட்டிருந்தால் நான் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுவேன். டோமஹாக் என்பது நீள எலும்பு வைத்த ரிப்-ஐதான், எலும்புக்கும் சேர்த்துத்தான் எடை போடுவார்கள். தங்கத் தாள் ஒட்டிய ஸ்டேக்கைப் பற்றிப் பேசவே விருப்பமில்லை.

விமர்சனங்களைப் படிக்காதீர்கள், சாப்பிட வந்தவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். அதிலும் வெட்டிய துண்டின் படம். கடை போட்ட படத்தில் எல்லா ஸ்டேக்கும் அழகுதான். அப்புறம், நகர மையத்தோடு நிற்காதீர்கள். அங்கே தட்டின் விலையில் வாடகையும் சேர்ந்திருக்கும். புறநகரில் இறைச்சியைத் தாங்களே வெட்டும் இடம் இருந்தால், ஒரு மணி நேரப் பயணமானாலும் போய்ப் பார்ப்பேன். ஹேங்கர் மாதிரி, ஒரு மாட்டுக்கு ஒன்றே கிடைக்கும் துண்டு அங்கே மெனுவில் இருந்தால் இன்னும் நம்பிக்கை வரும்.

இப்போது நான் திரும்பத் திரும்பப் போகும் கடையும் அப்படி ஒரு புறநகர்க் கடைதான். முதல் தடவை போனபோது வழக்கமான ஆர்டரைச் சொன்னேன். ஆர்டர் எடுக்க வந்த அம்மா எழுதாமல் நின்றார். “இன்னைக்கு ரிப்-ஐ வேண்டாம் சார், வந்த துண்டுல கொழுப்பு சரியா ஓடல. ஸ்ட்ரிப் எடுத்துக்கோங்க” என்றார். ஸ்ட்ரிப் என்பது இடுப்புப் பக்கத்து முதுகுத் துண்டு. இரண்டுக்கும் விலையில் நல்ல வித்தியாசம், ஸ்ட்ரிப்தான் குறைவு. என் சோதனையை அன்று செய்யவே இல்லை. ஸ்ட்ரிப் தின்றுவிட்டு வந்தேன், மறுவாரத்துக்கும் மேசை சொல்லிவிட்டு.