அந்தப் பொய்க் கடிகாரம்

நேற்றிரவு இணையத்தில் ஒரு பயணப்பை வாங்கப் போனேன். 'இச்சலுகை முடிய இன்னும் 9 நிமிடங்களே' என்று சிவப்பு எண்கள் நொடிக்கு நொடி குறைந்துகொண்டிருக்க, அட்டை எண்ணை இருமுறை தப்பும் தவறுமாக அடித்து, அரக்கப்பரக்கப் பணத்தைக் கட்டி முடித்தேன். ஏதோ சந்தேகத்தில் அதே பக்கத்தை மறுபடி திறந்தால், கடிகாரம் மீண்டும் 9 நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்கியிருந்தது! போதாக்குறைக்கு, சந்தாவை மறுக்கும் பொத்தானில் 'வேண்டாம், பணத்தை மிச்சப்படுத்த எனக்கு விருப்பமில்லை' என்று எழுதியிருந்தார்கள். நான் சொல்லாத ஒன்றை என் வாயில் திணிக்க இவர்கள் யார்?

'ஏமாறுகிறவன் இருக்கும்வரை ஏமாற்றுகிறவனும் இருப்பான்' என்று உபதேசிக்க வருகிறவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். ட்வெர்ஸ்கி, கானெமன் என்ற இரு உளவியலாளர்கள் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், 600 பேரைக் கொல்லக்கூடிய நோய்க்கு எந்தத் திட்டம் வேண்டும் என்று மாணவர்களிடம் கேட்கப்பட்டது. '200 பேர் பிழைப்பார்கள்' என்று சொல்லப்பட்ட குழுவில் 72 சதவீதத்தினர் அத்திட்டத்தை ஏற்றார்கள். அதே திட்டத்தையே '400 பேர் இறப்பார்கள்' என்று சொல்லப்பட்ட இன்னொரு குழுவில் ஏற்றவர்கள் 22 சதவீதத்தினர் மட்டுமே. கணக்கில் ஓர் எண்கூட மாறவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்தவர்களே சொல்லுக்குச் சாய்ந்தார்கள் என்றால், வேலை முடிந்து களைத்துப்போய்த் திரையைத் தடவுகிறவனை மட்டும் முட்டாள் என்பது என்ன நியாயம்?

பையோடு நின்றிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். எட்வர்ட் பெர்னேஸ் என்ற அமெரிக்க விளம்பர வித்தகர், 1929-இல் நியூயார்க் ஊர்வலத்தில் பெண்களைச் சிகரெட் பிடித்தபடி நடக்கவைத்து, அந்தச் சிகரெட்டுகளைச் 'சுதந்திரத் தீப்பந்தங்கள்' என்று விளம்பரப்படுத்தினார். விற்றது புகையிலை, சொன்னது விடுதலை. அதே மனிதர் பின்னாளில் ஒரு வாழைப்பழ நிறுவனத்துக்காக, குவாத்தமாலாவின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கம்யூனிச அபாயமாகப் பத்திரிகைகளில் சித்திரிக்கவைத்தார். 1954-இல் அவ்வரசு கவிழ்க்கப்பட்டது. விளம்பரம் வேறு, அரசியல் வேறு என்று இன்னமும் நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 'இதுவே கடைசி வாய்ப்பு, இப்போது விட்டால் நாடே போய்விடும்' என்ற மேடை முழக்கமும் அந்தச் சிவப்புக் கடிகாரமும் ஒரே பட்டறையில் அடிக்கப்பட்டவை. ஆட்குறைப்பை 'மறுசீரமைப்பு' என்றும் கட்டண உயர்வை 'சீர்திருத்தம்' என்றும் எழுதித் தருகிறவர்களும் அங்கிருந்து வருகிறவர்களே. பையையாவது திருப்பி அனுப்பலாம்; பதற்றத்தில் போட்ட வாக்கை எங்கே திருப்பி அனுப்புவது?

கடிகாரத்தைப் பற்றி அந்த நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்' என்று பதில் வந்தது. அதற்கு அடியில், 'நீங்கள் கேட்டது கிடைத்ததா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்பது முன்கூட்டியே தேர்வு செய்யப்பட்டிருந்தது.