டெக்னீசியம் சேற்றோடு நின்றுவிடாது

அணுக்கழிவில் உள்ள கதிரியக்கத் தனிமமான டெக்னீசியம்-99 "கரையாத ஆக்சைடாக அடியில் படிந்துவிடும், மேல்திரவத்தை வடிகட்டினால் போதும்" என்று சொல்வது தவறு. அது +4 ஆக்சிஜனேற்ற நிலைக்கு (அணு எத்தனை எலக்ட்ரான்களை இழந்தது என்ற கணக்கு) மட்டும் பொருந்தும். அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு அணுத் தளத்தில் 177 நிலத்தடித் தொட்டிகளில் கிடப்பது சோடியம் ஹைட்ராக்சைடும் நைட்ரேட்டும் நிறைந்த காரக் கழிவு. அதில் டெக்னீசியத்தின் பெரும்பகுதி +7 நிலையில், பெர்டெக்னடேட் அயனியாக, உப்பு மாதிரி கரைந்தே இருக்கிறது. எந்த வடிகட்டியிலும் நிற்காது. எதிர்மின்னூட்டம் உள்ளதால் நேர்மின்னூட்டமுள்ள சீசியத்தைப் பிடிக்கும் பிசினிலும் (கரைசலிலிருந்து அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் மணிகள்) ஒட்டாது, இதற்கென்று தனிப் பிசின் வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல். ஈடிடிஏ (உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் வேதிப்பொருள்) போன்ற கரிமப் பொருட்கள் மிகுந்த தொட்டிகளில் (எஸ்ஒய்-101, எஸ்ஒய்-103) கணிசமான பங்கு +1 நிலையில் கார்பனைல் சேர்மமாக (கார்பன் மோனாக்சைடு இணைந்தது) உள்ளது. அதுவும் கரையும், ஆனால் பெர்டெக்னடேட்டுக்கான பிசின் அதைப் பிடிக்காது. பிசினைத் தாண்டி டெக்னீசியம் வருகிறதென்றால், பிசின் தீர்ந்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் இதைச் சோதியுங்கள்.

கழிவைக் கண்ணாடியோடு உருக்கி உறையவைத்தாலும் (கண்ணாடியாக்கம்) சுமார் 1150 டிகிரி செல்சியஸ் உருகலில் ஒரு பகுதி ஆவியாகிப் புகையோடு போகும். அதைக் கழுவிப் பிடித்து உலைக்கே திருப்பி ஊட்ட வேண்டும். கழிவை இறுக்கிவைக்க உலைக்கசடு (இரும்பு உருக்கும் உலையின் கழிவு) கலந்த சிமென்ட் +7-ஐ +4 ஆக்கும், உண்மைதான். ஆனால் விரிசல் வழியே ஆக்சிஜன் புகுந்தால் மறுபடி +7 ஆகிக் கரையத் தொடங்கும். டெக்னீசியம்-99-இன் அரை ஆயுளோ சுமார் 2,11,000 ஆண்டுகள்.