"கம்ப்யூட்டர் செலவு" என்று ஒரே வரியில் எழுதாதீர்கள்

மார்ச் நெருங்கினால் காரைக்குடியில் பல கடைகளிலும் நிறுவனங்களிலும் இந்தப் பேச்சு நடக்கும். "ஏப்பா, கம்ப்யூட்டர் செலவு வருஷா வருஷம் கூடிக்கிட்டே போகுது. இந்தத் தடவை இருபது பர்சென்ட் கொறைச்சுக் குடு" என்பார் முதலாளி. "சரிங்கண்ணே, பாக்குறேன்" என்று ஐ.டி. பொறுப்பாளர் தலையாட்டிவிட்டு வருவார். எதைக் குறைப்பது என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. கடைசியில், குறைத்தால் உடனே யாரும் கேட்காத செலவாகப் பார்த்துக் கை வைப்பார்கள். பேக்கப் நின்றுபோகும். யு.பி.எஸ். பேட்டரி மாற்றுவது அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும்.

நானும் இதே வேலையில் இருப்பவன். முதலாளிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கைக்கு வருகிற கணக்கு அப்படி. பிரிண்டர் டோனர், சர்வர், டாலி கணக்கு மென்பொருள் புதுப்பிப்பு, இணையக் கட்டணம், கேமரா பராமரிப்பு, பையன்கள் சம்பளம் எல்லாம் ஒரே தலைப்பில் ஒரே தொகையாக நிற்கின்றன. அப்படி நிற்கும் தொகையைப் பார்த்தால் யாருக்கும் குறைக்கத்தான் தோன்றும்.

இத்தனைக்கும் இது செட்டிநாடு. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து கடை வைத்துத் தொழில் செய்யப் போன நகரத்தார், கடைக்குக் கடை தனி முதல், தனிப் பேரேடு என்று வைத்தவர்கள். ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும். மூன்று ஆண்டுக் கெடு முடிந்து ஏஜெண்ட் திரும்பும்போது அந்தக் கடை என்ன ஈட்டியது என்பது கணக்கிலேயே இருக்கும். எல்லாக் கடைச் செலவையும் சேர்த்து "அக்கரைச் செலவு" என்று ஒரே வரியில் எழுதியிருந்தால், எந்தக் கடைக்கு இன்னும் முதல் போடலாம், எதை மூடலாம் என்று எப்படி முடிவெடுத்திருப்பார்கள்? அந்த ஒழுங்கை ஐ.டி. செலவுக்கும் கொண்டுவரலாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

எப்படிப் பிரிப்பது? சாமான் வாரியாக வேண்டாம், வேலை வாரியாகப் பிரியுங்கள். துணிக்கடை என்றால் பில்லிங், சரக்கு இருப்பு, கணக்கும் வரியும், சம்பளம். ஒவ்வொன்றுக்கும் நேராகப் போகும் செலவை அதன் கீழ் எழுதுங்கள். சர்வர், வெளியாள் நுழையாமல் தடுக்கும் ஃபயர்வால், இணையம் போன்ற பொதுச் செலவை உத்தேசமாகப் பங்கு போட்டால் போதும். பைசா சுத்தமாக வர வேண்டும் என்று உட்கார்ந்தால் அந்த வேலை முடியவே முடியாது. முக்கியமாக, ஒவ்வொரு தலைப்புக்கும் தொழில் பக்கத்திலிருந்து ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பில்லிங் செலவுக்குக் கடை மேனேஜர், சரக்குச் செலவுக்குக் கொள்முதல் பார்ப்பவர் என்று. ஐ.டி. ஆள் மட்டும் தனியாக உட்கார்ந்து எழுதும் பட்ஜெட் நிற்காது.

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். பில்லிங்குக்கு ஆண்டுக்கு 24 லட்சம் செலவு, போட்ட பில் 6 லட்சம் என்றால் ஒரு பில்லுக்கு 4 ரூபாய். அடுத்த ஆண்டு செலவு 27 லட்சமாகிறது, பில் 9 லட்சமாகிறது. செலவு மூன்று லட்சம் கூடிவிட்டது என்பதும் உண்மை, ஒரு பில்லின் செலவு 3 ரூபாயாக இறங்கிவிட்டது என்பதும் உண்மை. இரண்டாவதை எடுத்துச் சொல்ல ஆளில்லாததால்தான் முதலாவது மட்டும் கூட்டத்தில் பேசப்படுகிறது.

வேலை நின்றால் என்ன நஷ்டம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். தீபாவளி நேரத்தில் எட்டு கவுண்டர், கவுண்டருக்கு மணிக்கு 15 பில், பில்லுக்குச் சராசரி 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 3 லட்சம் ரூபாய் வியாபாரம். இதைப் பார்த்தபின் இரண்டாவது இணைய இணைப்புக்கு ஆகும் செலவை யாரும் வீண் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் இரண்டு கம்பெனியின் கேபிளும் ஒரே கம்பத்தில், ஒரே பள்ளத்தில் வருகிறதா என்று ஒரு தடவை தெருவில் இறங்கிப் பாருங்கள். ஜே.சி.பி. தோண்டினால் இரண்டும் சேர்ந்தே அறுபடும்.

நம் பக்கத்துக்கென்றே உள்ள செலவு ஒன்று உண்டு. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகள் ஹோட்டலாக மாறியிருக்கின்றன. அங்கே முகப்பில் ஒரு ரவுட்டர் வைத்தால் இரண்டாங்கட்டு அறைக்கு வைஃபை எட்டாது. சுண்ணாம்பு பூசிய அந்தக் கனத்த சுவரைத் தாண்டி சிக்னல் போக முடியாது. கட்டுக்குக் கட்டு கேபிள் இழுத்துத் தனித்தனிக் கருவி வைத்தாக வேண்டும். ஆத்தங்குடித் தரையை உடைக்க முடியாது, தேக்கு நிலையில் ஓட்டை போட மனசு வராது, போடவும் கூடாது. உத்தரத்தின் ஓரமாக, பழைய மின்வயர் போன வழியிலேயே கொண்டுபோக வேண்டும். ஒரே கேபிளில் மின்சாரமும் இணையமும் போகும் கருவி வாங்கினால் பாதி வேலை மிச்சம். இங்கே கருவி விலையைவிடக் கூலி கூடுதலாகும். பொறுமையுள்ள எலெக்ட்ரீஷியனுக்குக் கேட்ட கூலியைக் கொடுங்கள், அவசரக்காரரிடம் அந்தச் சுவரை ஒப்படைக்காதீர்கள்.

அதே ஹோட்டலின் இணையதளத்துக்குப் பணம் கேட்டால் "எதுக்குப்பா, புக்கிங் ஆப்புல வந்துருதே" என்பார்கள். பத்தாயிரம் ரூபாய் அறைக்கு 18 விழுக்காடு கமிஷன் என்று வைத்தால் ஓர் இரவுக்கு 1,800 ரூபாய். நேராக வரும் ஒவ்வொரு முன்பதிவிலும் அது நம் கையில் நிற்கும். அந்த மிச்சத்தை இணையதளச் செலவுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அப்புறம், தெரிந்தே வரும் செலவுகள். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது, தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு. 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோதே தெரிந்த தேதிதான். நாற்பது கணினி உள்ள கடை ஆண்டுக்குப் பத்தாக மாற்றியிருந்தால் சுமையே தெரிந்திருக்காது. தள்ளிப்போட்ட நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் வேண்டுமென்றால் முதலாண்டு கணினிக்கு 61 டாலர், அடுத்த ஆண்டு அதைப்போல இருமடங்கு. எந்தச் சாமான் எந்த ஆண்டு முடிகிறது என்று ஒரு பட்டியல் இருந்தால் இந்த நெருக்கடி வராது. சட்டத்துக்காகச் செய்ய வேண்டியதையும் தனி வரியாக எழுதுங்கள். கம்பெனி என்றால் 2023 ஏப்ரல் முதல், கணக்கில் எதை எப்போது திருத்தினார்கள் என்ற தடம் பதிவாகும் மென்பொருள்தான் வைக்க வேண்டும். இதெல்லாம் பேரம் பேசிக் குறைக்கக்கூடியதில்லை.

கிளவுட், அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் சர்வர், மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு மாறவும் வேண்டாம், விலை அதிகம் என்று ஒதுக்கவும் வேண்டாம். 400 வாட் சர்வர் இரவு பகலாக ஓடினால் ஆண்டுக்கு 3,504 யூனிட், ஏ.சி. தனி. இதைச் சேர்க்காமல் சொந்த சர்வர் லாபம் என்று சொல்வது சரியில்லை. வாடகை சர்வரை, கடை பூட்டிய பிறகு வேலை இல்லையென்றால் நிறுத்தி வைக்கலாம். பலர் அதைச் செய்வதில்லை. கையெழுத்துப் போடும் முன், விலகினால் நம் தரவு எந்த வடிவில் திரும்பக் கிடைக்கும் என்று கேளுங்கள். ஒரே சர்வரைப் பல சர்வராகப் பிரித்து ஓட்டும் மென்பொருளை விற்கும் விஎம்வேர் கம்பெனியை 2023 நவம்பரில் பிராட்காம் என்ற கம்பெனி வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தாவுக்கு மாற்றியது. பெரிய நிறுவனங்களின் பட்ஜெட்டே அதில் ஆட்டம் கண்டது.

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை பக்கம் இதே வேலையில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பேட்டரி, பராமரிப்பு ஒப்பந்தம், இணையக் கட்டணம் எல்லாம் நாம் ஒவ்வொருவரும் தனித்தனியாக, பக்கத்துக் கடை என்ன கொடுக்கிறது என்று தெரியாமலே பேரம் பேசுகிறோம். உங்கள் முதலாளியிடம் அனுமதி கேட்டுவிட்டு, விலைகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வாட்ஸ்அப் குழு வைக்கலாம் என்று நினைக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் கீழே சொல்லுங்கள். பிப்ரவரிக்குள் ஆரம்பித்தால் இந்த பட்ஜெட்டுக்கே உதவும்.