கரடி செத்தது ஏன்?

ஞாயிற்றுக்கிழமை பழைய நண்பன் ஒருவனுக்கு மேஜிக் த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன், அரை மணி நேரத்தில் சண்டை. அவனிடம் கிரிஸ்லி பேர்ஸ், 2/2 கரடி, அதாவது அடிக்கும் பலம் 2, தாங்கும் பலம் 2. நான் லைட்னிங் போல்ட் போட்டேன், 3 டேமேஜ். "இரு இரு" என்று ஜயன்ட் குரோத்தை வைத்தான், +3/+3. கரடி 5/5 ஆகி, அடி வாங்கியும் பிழைத்தது. ஒரே குஷி. அடுத்த ஆட்டத்தில் முந்திக்கொண்டு தன் டர்னிலேயே ஜயன்ட் குரோத்தைப் போட்டான், நான் அதன்மேல் போல்ட்டை வைத்தேன், கரடி காலி, ஜயன்ட் குரோத்தும் வீண். "நான்தானேடா முதல்ல போட்டேன்!"

அதனால்தான்டா செத்தது.

போட்ட கார்டுகள் நடக்கக் காத்திருக்கும் அடுக்குக்குப் பெயர் ஸ்டாக், ஹாட் பாக்ஸில் தோசை அடுக்குவது போலத்தான். கடைசியாகச் சுட்டது மேலே இருக்கும், அதைத்தான் முதலில் எடுப்போம். ஒருவர் கார்டு போட்டதும் பதில் சொல்ல எதிராளிக்கு வாய்ப்பு உண்டு, இரண்டு பேரும் அடுத்தடுத்து பாஸ் சொன்னால்தான் மேலே இருப்பது நடக்கும். அதாவது யார் கை வேகம் என்பது பேச்சே இல்லை. இந்த ரூல்தான் தலைவலி என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள், என்னைக் கேட்டால் இதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது படம் போட்ட அட்டைகள்தான்.

1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய ஆட்டம் வெளிவந்தபோது ஸ்டாக் கிடையாது. இன்டரப்ட் என்று தனி ரகக் கார்டு இருந்தது, எதிராளியின் கார்டை ரத்து செய்யும் கவுன்டர்ஸ்பெல் அதில் ஒன்று, இன்டரப்டுக்கு இன்னொரு இன்டரப்டால்தான் பதில் சொல்ல முடியும். அதைவிட வேடிக்கை, லைஃப் பூஜ்யம் ஆனாலும் டர்னின் அந்தக் கட்டம் (ஃபேஸ்) முடியும் வரை ஆள் சாகமாட்டார்! 1999-ல் ஆறாம் பதிப்போடு இதையெல்லாம் தூக்கிவிட்டு ஸ்டாக்கைக் கொண்டுவந்தார்கள். நல்ல வேளை.

ஆனால் 2009-ல் காம்பாட் டேமேஜை, அதாவது சண்டையில் மோதும்போது விழும் அடியை, ஸ்டாக்கிலிருந்து எடுத்தார்களே, அதில் எனக்கு இன்னும் கோபம்தான். மாக் ஃபெனடிக் என்ற 1/1 பூதம் ஞாபகம் இருக்கிறதா? சண்டையில் அதன் 1 டேமேஜ் ஸ்டாக்கில் ஏறியதும் அதையே பலி கொடுத்து இன்னொரு 1 டேமேஜ் அடிக்கலாம். இப்போது இரண்டில் ஒன்றுதான். செத்துப்போன பூதம் எப்படி அடிக்கும் என்று கேட்டால் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் அந்த அல்ப சந்தோஷம் போச்சு.

இதே ஆட்டத்தைத் திரையில் ஆடும் அரீனாவில் வேறு தொல்லை. பதில் சொல்ல ஒன்றும் இல்லாதவருக்கு ஆட்டமே தானாகப் பாஸ் போட்டுவிடுகிறது, அதனால் திரை ஒரு நொடி நின்றாலே எதிராளி கையில் என்னவோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஃபுல் கன்ட்ரோல் என்ற செட்டிங்கை வைத்தால் மறைக்கலாம், ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் நாமே பாஸ் அமுக்கிக்கொண்டு இருக்க வேண்டும்.

அன்று மூன்றாவது ஆட்டத்தில் நண்பன் ஒன்றும் போடவில்லை. ஜயன்ட் குரோத்தின் விலையான பச்சை மனாவுக்கு ஒரு ஃபாரெஸ்ட் நிலக் கார்டைத் திருப்பாமல் விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் கையில் போல்ட் இருந்தது. போடத்தான் மனசு வரவில்லை.