ரௌட்டரில் வேகம் பங்கு பிரித்து வைக்கப்படுவதில்லை

ரௌட்டரில் நாலு கம்ப்யூட்டரை இணைத்தால் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) இணைய இணைப்பு ஒவ்வொன்றுக்கும் 25 ஆகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லைங்க. சாதாரண வீட்டு ரௌட்டர் யாருக்கும் பங்கு ஒதுக்கி வைக்காது. கேட்கிற கம்ப்யூட்டருக்குக் கேட்கும்போது அனுப்பும், அவ்வளவுதான். மற்ற மூன்றும் சும்மா ஆனில் இருந்தால் நாலாவதுக்குக் கிட்டத்தட்ட முழு வேகமும் கிடைக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் பெரிய ஃபைல் டவுன்லோடு போட்டால்தான் இழுபறி.

நீங்களே சோதிக்கலாம். ஒரு கம்ப்யூட்டரை மட்டும் லேன் கேபிளில் இணைத்து (வைஃபை வேண்டாம், நடுவில் சுவர் வந்தாலே எண் மாறும்) ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்கள். பிறகு மற்றவற்றையும் ஆன் செய்து, எதையும் திறக்காமல் மறுபடி ஓட்டுங்கள். அப்போது குறைந்தால், அந்தக் கம்ப்யூட்டர்களில் டாஸ்க் மேனேஜரை (எந்த புரோகிராம் ஓடுகிறது என்று காட்டும் விண்டோஸ் கருவி) திறந்து நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். விண்டோஸ் அப்டேட் ஏதாவது சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கலாம்.