உயிர்ப்புள்ளி 0 ஆனால் உடனே சாவா?
தம்பி, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதைவிளையாட்டில் உயிர்ப்புள்ளி (பாத்திரம் எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு) 0 ஆனதும் விளையாடுபவரின் பாத்திரம் செத்துப்போகும் என்று உங்கட பதிவில் எழுதியிருக்கிறீங்கள். அதன் 5ஆம் பதிப்பில் அப்படியில்லை. பெரும்பாலும் மயங்கித்தான் விழும். பிறகு தன் முறை தொடங்கும்போதெல்லாம் 20 முகப் பகடையை உருட்டவேணும். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி. மூன்று வெற்றி சேர்ந்தால் உயிர் தப்பும், மூன்று தோல்வி சேர்ந்தால்தான் சாவு. 1 விழுந்தால் இரண்டு தோல்வி, 20 விழுந்தால் ஒரு புள்ளியோடு கண் முழிக்கும். 0க்குப் பிறகு மிஞ்சும் சேதம் முழு உயிர்ப்புள்ளி அளவுக்கு இருந்தால் மட்டும் உடனே சாவு.

எதிரிகளாக வரும் அரக்கர்கள் 0 ஆனதுமே சாவதுதான் வழக்கம்; குழப்பம் அதால வந்திருக்கலாம்.

2014இன் அடிப்படை விதிகள் இலவசம். 9ஆம் அதிகாரத்தில், சண்டைப் பகுதியில் பாருங்கோ. போன ஞாயிறு திருகோணமலை உவர்மலையில் ஒரு பிள்ளை, 0 ஆனதும் செத்துப்போச்சு என்று நினைத்து, ஒருதரம்கூட உருட்டாமல், அழுதழுது தன் பாத்திரத்தின் விவரத் தாளைக் கிழிக்கப் போனாள்.