மிஸ்தஹுக்குக் கிடைத்த நியாயம்

அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்த வாரம் முழுக்க நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஆலிமின் (மார்க்க அறிஞரின்) பயான் துண்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. நீண்ட உரை ஒன்றில் சில விநாடிகளை மட்டும் வெட்டி எடுத்து, முகத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, கீழே 'வழிகேடன், அதிகம் பகிரவும்' என்று எழுதியிருக்கிறார்கள். அவர் சொன்ன கருத்தை நானும் ஏற்கவில்லை, மறுக்க வேண்டிய கருத்துதான். ஆனால் நான் பார்த்த வரையில் யாரும் அதை மறுக்கவில்லை. அவர் தாடியைப் பற்றிப் பேசினார்கள், குரலைக் கிண்டல் செய்தார்கள், கடைசியில் அவர் மகனின் படத்தையும் தேடி எடுத்துப் போட்டுவிட்டார்கள். கேட்டால், தீமையைக் கண்டால் தடுக்கச் சொல்லி மார்க்கத்தில் இருக்கிறதே என்கிறார்கள்.

இருக்கிறது. எப்படித் தடுக்க வேண்டும் என்பதும் கூடவே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, நபி (ஸல்) அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) மீது சொல்லப்பட்ட அவதூறை விடப் பெரிய பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில் கழுத்து மாலையைத் தேடிப் போன ஆயிஷா பின்தங்கிவிட, பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) தம் ஒட்டகத்தில் ஏற்றி அழைத்து வந்தார். அதை வைத்து நயவஞ்சகர்களின் தலைவன் அப்துல்லாஹ் பின் உபை இருவரையும் தவறாக இணைத்துக் கிளப்பிய பேச்சு, மதீனாவில் ஏறத்தாழ ஒரு மாதம் ஓடியது. இந்த வரலாறு நமக்கெல்லாம் தெரியும். அதில் மிஸ்தஹ் என்ற மனிதர் வருகிற இடங்களைத்தான் நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம்.

மிஸ்தஹ் நயவஞ்சகர் இல்லை. மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தவர், பத்ர் போரில் நின்றவர், பரம ஏழை. ஆயிஷாவின் தந்தை அபூபக்கர் (ரலி) அவர்களுக்குச் சொந்தம், அவருடைய செலவில்தான் வாழ்ந்தார். அப்படிப்பட்டவர்தான், தமக்குச் சோறு போட்டவரின் மகளைப் பற்றிய அந்தப் பேச்சில் போய் விழுந்தார்.

ஊரெல்லாம் பேசிக்கொண்டிருக்க ஆயிஷா காய்ச்சலில் கிடந்தார், அவருக்கு எதுவும் தெரியாது. ஒரு நாள் இரவு மிஸ்தஹின் தாயாரோடு வெளியே போனபோது, அந்தத் தாய் தம் ஆடை தடுக்கித் தடுமாறி, "மிஸ்தஹ் நாசமாகப் போகட்டும்" என்று சொல்லிவிட்டார். ஆயிஷா உடனே, "எவ்வளவு மோசமான வார்த்தை சொன்னீர்கள், பத்ரில் கலந்துகொண்டவரையா ஏசுகிறீர்கள்?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் அந்தத் தாய் விஷயத்தைச் சொன்னார்.

சரி, அப்போது அவருக்கு விஷயம் தெரியாது என்று நீங்கள் சொல்லலாம். ஹஸ்ஸான் பின் ஸாபித் (ரலி) விஷயத்துக்கு வாருங்கள். அவரும் அந்த அவதூறில் பங்கெடுத்தவர். எல்லாம் முடிந்து பல காலம் கழித்து ஆயிஷாவின் சகோதரி மகன் உர்வா, தம் சிற்றன்னையின் முன்னால் ஹஸ்ஸானை ஏசப்போனபோது அவர் தடுத்தார். "ஏசாதே, அவர் அல்லாஹ்வின் தூதருக்காகப் பதிலடி கொடுத்தவர்" என்றார். எதிரிகள் நபி (ஸல்) அவர்களை இழித்துப் பாடியபோது கவிதையால் பதில் சொன்னவர் ஹஸ்ஸான். தம் மானத்தின் மீது கைவைத்த ஒருவரின் கணக்கில் அந்த நன்மையையும் விடாமல் சேர்த்துப் பார்த்தாரே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இதற்காகத் தவறைத் தவறில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் கற்பின் மீது அவதூறு சொல்லிவிட்டு நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவருக்கு 80 கசையடி என்று குர்ஆனின் சூரா அந்நூர் சொல்கிறது, அந்தத் தண்டனை மிஸ்தஹுக்கும் கொடுக்கப்பட்டதாக ஹதீஸில் வருகிறது. மகளின் மானத்தைப் பற்றிப் பேசியவனுக்கு இனி ஒரு காசும் தரமாட்டேன் என்று அபூபக்கர் சத்தியம் செய்தார். எந்தத் தகப்பனும் அப்படித்தான் செய்வார். ஆனால் அதே சூராவின் 22-வது வசனம் இறங்கியது. வசதியுள்ளவர்கள் தம் உறவினருக்கும் ஏழைகளுக்கும் ஹிஜ்ரத் செய்தவர்களுக்கும் கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டாம், மன்னித்து விட்டுவிடட்டும், அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்களா? உறவினர், ஏழை, ஹிஜ்ரத் செய்தவர், மூன்றுமே மிஸ்தஹ்தான். அபூபக்கர் "விரும்புகிறேன்" என்று சொல்லி, கொடுத்துவந்ததை மறுபடி கொடுக்க ஆரம்பித்தார். குற்றத்துக்குத் தண்டனை உண்டு, அதற்கு மேல் அந்த மனிதரின் சோற்றையும் மரியாதையையும் பறிக்க நமக்கு உரிமை இல்லை என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பகிரங்கமாகச் சொல்லியே ஆகவேண்டிய தவறும் உண்டுதான். பரீரா என்ற அடிமைப் பெண்ணை ஆயிஷா விலைக்கு வாங்கி விடுதலை செய்ய நினைத்தபோது, அவருடைய எஜமானர்கள் மார்க்கத்தில் இல்லாத ஒரு நிபந்தனை போட்டார்கள். நபி (ஸல்) மிம்பரில் (பள்ளிவாசலின் உரை மேடையில்) ஏறி, அல்லாஹ்வின் வேதத்தில் இல்லாத நிபந்தனைகளைப் போடுகிறார்களே, சிலருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார்கள். அந்த நிபந்தனை செல்லாது என்பது அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. போட்டவர்களின் பெயரை மிம்பரில் சொல்லவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. புறம் பேசாதே என்ற இந்தப் போதனையைத்தான் நம் ஊர்களில் பாதிக்கப்பட்டவர்களின் வாயை அடைக்கவும் பயன்படுத்துகிறார்கள். பள்ளிவாசல் வரவுசெலவுக் கணக்கைக் கேட்டால் ஃபித்னா (குழப்பம்) செய்கிறாய் என்கிறார்கள். மாப்பிள்ளை எப்படி என்று பெண் வீட்டார் போன் போட்டு விசாரித்தால், அவன் குடிப்பதும் அடிப்பதும் தெரிந்தே "நல்ல குடும்பம்தான் பாய்" என்று சொல்லிவிட்டு, புறம் பேசாமல் தப்பித்தோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது நபி (ஸல்) பூசி மெழுகவில்லை. முஆவியா பொருளில்லாத ஏழை, அபூ ஜஹ்ம் தோளிலிருந்து கம்பைக் கீழே வைக்காதவர் (அதாவது அடிக்கிறவர்) என்று சொல்லிவிட்டு, உஸாமாவை மணந்துகொள்ளச் சொன்னார்கள். கேட்டவருக்குத் தேவையானது எதுவோ அது மட்டும் சொல்லப்பட்டது. இமாம் நவவி ரியாளுஸ் ஸாலிஹீன் என்ற தம் ஹதீஸ் தொகுப்பில், ஒருவரின் குறையைச் சொல்ல அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களை எழுதும்போது முதலில் வைப்பதே அநீதி இழைக்கப்பட்டவரின் முறையீட்டைத்தான். தீய சொல்லைப் பகிரங்கமாகச் சொல்வதை அல்லாஹ் விரும்புவதில்லை, அநீதி இழைக்கப்பட்டவரைத் தவிர என்று சூரா அந்நிஸாவின் 148-வது வசனம் சொல்கிறது.

அதனால் ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒன்று கேட்கிறேன். புருஷன் அடிக்கிறான் என்று ஒரு பெண் பள்ளிவாசல் ஆபீஸுக்கு வந்தால், வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதேம்மா என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் பேசி முடிக்கும் வரை கேளுங்கள், அடித்தது உண்மையா என்று தீர விசாரியுங்கள், உண்மையென்றால் அவன் முகத்துக்கு நேராகவே கண்டியுங்கள், போலீஸுக்குப் போகவேண்டிய நிலை என்றால் கூடவே போங்கள். அந்த விசாரணையில் பேசியதை இரவு டீக்கடையில் உட்கார்ந்து பேசாதீர்கள்.